ஆணையும் மறுமொழியும்: ரேடியோ ஆற்றல் பெருக்கிகளில் ரிலேக் கட்டுப்பாட்டின் வரலாறு

ஒரே ஆண்டெனாவைக் கொண்டு அனுப்பவும் கேட்கவும் செய்கிற எந்த ரேடியோ நிலையத்திலும், அலைபரப்பியையும் அலைவாங்கியையும் அந்த ஆண்டெனாவோடு மாற்றி மாற்றி இணைக்கும் வேலையை யாராவது அல்லது ஏதாவது செய்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த வேலை ரிலேயின் பொறுப்பாக இருந்தது; கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தமாகும் இரும்பு, அருகிலுள்ள தகட்டை இழுத்து, அதனோடு பொருத்தப்பட்ட தொடுமுனைகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தும் எளிய சுவிட்சுக்கே ரிலே என்று பெயர். சில வாட் ஆற்றலில் இயங்கும் சிறு கருவிகளில் இந்த நகர்வு பெரிய சிக்கல் எதையும் தருவதில்லை. ஆனால் அச்சிறு கருவிக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே, ஆயிரம் வாட் அளவுக்கு அலையைப் பெருக்கும் ஆற்றல் பெருக்கி, அதாவது ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சுருக்கமாக ‘லீனியர்’ என்று குறிப்பிடும் பெட்டி, வந்து அமர்ந்துவிட்டால், தொடுமுனைகள் எந்தக் கணத்தில் நகர்கின்றன என்பதே அந்தப் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது.

பெருக்கி ஓய்வில் இருக்கும்போது, ஆண்டெனாவிலிருந்து வரும் மெல்லிய அலை பெருக்கியைச் சுற்றிக்கொண்டு நேரே அலைவாங்கிக்குப் போக வேண்டும். அனுப்பும் நேரம் வந்ததும், பெருக்கியின் வெளியீடு ஆண்டெனாவுக்கும் அதன் உள்ளீடு அலைபரப்பிக்கும் மாறிக்கொள்ள வேண்டும். முதலில் ஆண்டெனாப் பக்கத் தொடுமுனையும், பிறகு உள்ளீட்டுப் பக்கத் தொடுமுனையும் நகர்ந்து, பெருக்கும் வால்வின் சார்பு அழுத்தம் (பயஸ்) ஓய்வு நிலையிலிருந்து வேலை நிலைக்கு வந்த பின்னரே அலை பாய வேண்டும் என்பதும், விடுபடும்போது இவை அனைத்தும் தலைகீழ் வரிசையில் நடக்க வேண்டும் என்பதும் இதன் இலக்கணம். இந்த வரிசை பிசகி, அலை பாய்ந்துகொண்டிருக்கும்போதே தொடுமுனை நகருமானால், அந்த இடைவெளியில் மின்பொறி எழுந்து முனைகளைக் குழியாக்கும், சில வேளைகளில் ஒன்றோடொன்று பற்றவைத்தும் விடும். அதைவிட மோசமானது, சுமையே இல்லாத வெளியீட்டில் பெருக்கி முழு வேகத்தில் இயங்கும் அந்தச் சில மில்லிநொடிகள். அப்போது இசைவுச் சுற்றில் ஏறும் அழுத்தம், அலைப்பட்டையை மாற்றும் சுவிட்சின் தகடுகளுக்கிடையே பாய்ந்து அவற்றைக் கருக்கிவிடும். அலை பாயும்போதே தொடுமுனை நகர்வதை ஹாம்கள் ‘சூடான மாற்றம்’ என்ற பொருள்பட அழைத்து அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றை, ரிலேக்களின் வேகம் கூடிய வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. ரிலேக்கு ஆணையிடும் கருவி, அந்த ஆணை நிறைவேறியதா என்பதை எப்போது, யார் வாயிலாக அறிந்துகொண்டது என்பதே இதில் மையமான கேள்வி. இருப்புப் பாதையில் இந்தக் கேள்விக்கு மிக முன்னரே விடை கிடைத்திருந்தது: தண்டவாள மாற்றியின் நிலையும் கைகாட்டியின் நிலையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ரேடியோ உலகம் அதே பாடத்தைப் படிக்க ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. படித்த பிறகும் பாதியை மறந்தது.

ரிலே ரேடியோவுக்கு மூத்தது. பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி 1835இல் ஒரு மின்சுற்றைக் கொண்டு தொலைவிலுள்ள இன்னொரு மின்சுற்றைத் திறந்து மூடிக் காட்டினார். நீண்ட கம்பியில் களைத்துப்போகும் தந்திக் குறிகளுக்குப் புத்துயிர் ஊட்டும் சாதனமாக அது தந்தித் துறையில் வளர்ந்தது. பொறி அலைபரப்பிகளின் காலத்தில், ஆண்டெனாவை மாற்றும் வேலையைப் பெரும்பாலும் இயக்குநரின் கையே செய்தது. மேசையருகே பொருத்தப்பட்ட பெரிய கத்திச் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் அனுப்பலாம், மறுபக்கம் தள்ளினால் கேட்கலாம். மாற்றம் முடிந்ததா என்ற ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை, ஏனெனில் மாற்றிய கையும் மோர்ஸ் சாவியை அழுத்திய கையும் ஒன்றே. அமெரிக்காவின் 1912ஆம் ஆண்டு ரேடியோச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளத்துக்குள்ளும் ஒரு கிலோவாட் ஆற்றலுக்குள்ளும் அடக்கியது. அந்த ஒரு கிலோவாட் என்ற எண், அளக்கும் முறை மாறினாலும், எழுபது ஆண்டுகளுக்குப் பெருக்கி வடிவமைப்பின் எல்லைக்கல்லாக நின்றது. வால்வுகள் வந்து, 1923 நவம்பரில் கனெக்டிகட்டிலிருந்து ஃபிரெட் ஷ்னெல்லும் ஜான் ரைனார்ட்ஸும் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் தெலுவாவோடு அட்லாண்டிக்கைக் கடந்து இருவழித் தொடர்பு கொண்ட பின்னரும், கேட்பதற்கெனத் தனிக் கம்பியும் அனுப்புவதற்கெனத் தனிக் கம்பியும் கட்டி வைப்பது பலருக்குப் போதுமான தீர்வாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியதற்கு முதன்மைக் காரணம் கோஆக்சியல் கேபிள். நடுக்கம்பியையும் அதைச் சுற்றிய பின்னல் உறையையும் கொண்ட இந்த வடம் போரின் உபரிச் சரக்காக மலிவாகக் கிடைத்ததும், திறந்த கம்பிகளுக்கென்று பீங்கான் தாங்கிகளில் அகல அகலமாகக் கட்டப்பட்ட பழைய ரிலேக்கள் பொருந்தாமற்போயின. உலோகக் கூட்டுக்குள் அடங்கி, மூன்று கேபிள் இணைப்பிகளைத் தாங்கிய கோஆக்சியல் ரிலே அந்த இடத்தைப் பிடித்தது. இவற்றில் ஹாம்களிடையே பேர்பெற்றது டௌ-கீ நிறுவனத்தின் டிகே-60 வரிசை. அதன் சில மாதிரிகளில் இருந்த இரண்டு ஏற்பாடுகள் இக்கட்டுரையின் பொருளுக்கு நேரே தொடர்புடையவை. ஒன்று, அனுப்பும் நேரத்தில் அலைவாங்கிப் பக்கத்து முனையைத் தனிமைப்படுத்தி, கசியும் ஆற்றலிலிருந்து அலைவாங்கியைக் காக்கும் இணைப்பி. மற்றொன்று, ஆண்டெனாத் தொடுமுனையோடு சேர்ந்து நகரும் துணைத் தொடுமுனைகள். இந்தத் துணைத் தொடுமுனைகளின் வழியாக அலைபரப்பியின் சாவிச் சுற்றைக் கொண்டுசென்றால், ரிலே உண்மையில் நகர்ந்த பிறகுதான் அலை பிறக்கும். மறுமொழி பெறும் முறையின் கருவடிவம் 1950களிலேயே கடையில் விற்பனைக்கு இருந்தது என்று சொல்லலாம். பலர் அதை மேசை மேலிருந்த சிவப்பு விளக்கை எரியவைக்கவோ அலைவாங்கியை ஊமையாக்கவோ பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

இதே காலத்தில் ராடார் துறை ரிலேயையே கைவிட்டிருந்தது. துடிப்பை அனுப்பிய மைக்ரோநொடிகளுக்குள் எதிரொலியைக் கேட்க வேண்டிய கருவியில் இரும்புத் தகடு நகர்வதற்கு நேரம் ஏது? அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் பேஜும் லியோ யங்கும் 1936இல் ஒரே ஆண்டெனாவை இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் சுற்றை உருவாக்கினர். பிரிட்டனில் ராபர்ட் சட்டன் வடிவமைத்த குழாயில் சிறிது வாயுவை நிரப்பி, அனுப்பும் துடிப்பே அந்த வாயுவை மின்கடத்தியாக்கி அலைவாங்கியின் வாயிலை அடைக்கும்படி செய்தனர். இங்கே ஆணையும் இல்லை, மறுமொழியும் இல்லை; அலையே தன் வழியைத் திறந்து மூடிக்கொள்கிறது. அமெச்சூர் உலகில் இதன் தூரத்து உறவாக வால்வில் இயங்கும் மின்னணு மாற்றிகள் 1950களில் வந்தன. அவற்றில் பெருக்கி எப்போதும் ஆண்டெனாவோடு இணைந்தே இருந்ததால், ஓய்விலிருக்கும் வால்வு முழுமையாக அணைக்கப்படாவிட்டால் அதன் இரைச்சலே அலைவாங்கியை நிரப்பிவிடும். அதனால் அவை ரிலேயை விரட்டவில்லை.

ரிலேயின் ஆட்சியை உறுதிப்படுத்தியது ஒற்றைப் பக்கப்பட்டை முறை. குரலைச் சுமக்கும் அலையின் தேவையற்ற பாதியையும் சுமப்பு அலையையும் நீக்கி, பேச்சு இருக்கும்போது மட்டும் ஆற்றலைச் செலவிடும் இம்முறைக்கு, அமெரிக்க விமானப்படையின் மூலோபாயக் கட்டளையகத்தை நடத்திய ஜெனரல் கர்டிஸ் லெமே ஆதரவளித்தார். அவரே ஒரு ஹாம். அயோவா மாநிலத்தின் சீடர் ரேப்பிட்ஸ் நகரில் ஆர்தர் காலின்ஸ் நடத்திய நிறுவனம் 1957இல் வெளியிட்ட கேடபிள்யூஎம்-1, அலைபரப்பியையும் அலைவாங்கியையும் ஒரே பெட்டியில் அடைத்த டிரான்ஸ்சீவர் என்னும் இனத்தைப் பரப்பியது. டிரான்ஸ்சீவர் தனக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும். பெருக்கி அதற்கு வெளியே, தனிப் பெட்டியில், தன் சொந்த ரிலேயோடு இருக்கும். கையும் சாவியும் ஒன்றாக இருந்த பழைய ஏற்பாடு இங்கேதான் முறிந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டபோது, தொழில்துறை தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே மலிவானதை: இசைத்தட்டுக் கருவிகளில் பயன்பட்ட ஆர்சிஏ செருகி ஒன்று, ஒற்றைக் கம்பி ஒன்று. டிரான்ஸ்சீவர் அனுப்பத் தொடங்கும்போது அந்தக் கம்பியைத் தரையோடு இணைக்கும். பெருக்கியின் ரிலே இழுத்துக்கொள்ளும். பெருக்கி இழுத்துக்கொண்டது என்பதைச் சொல்வதற்குத் திரும்பி வரும் கம்பி கிடையாது.

இந்த ஒப்பந்தம் எவ்வளவு தளர்வானது என்பதற்கு, மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரிலிருந்து ஹீத்கிட் நிறுவனம் வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்ற எஸ்பி-220 நல்ல சான்று. 1970 வாக்கில் சந்தைக்கு வந்து, இரண்டு 3-500இசட் வால்வுகளோடு, பேச்சின் உச்சத்தில் 2000 வாட் உள்ளீட்டைத் தாங்கிய இப்பெட்டி இன்றும் பல மேசைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உள்ளே இருந்தது திறந்த சட்டம் கொண்ட ஒரே ஒரு ரிலே. அதன் மூன்று தொடுமுனைத் தொகுதிகளில் ஒன்று ஆண்டெனாவையும், ஒன்று உள்ளீட்டையும், மூன்றாவது வால்வுகளின் சார்பு அழுத்தத்தையும் மாற்றின. மூன்றும் ஒரே தகட்டில் ஏறி ஒன்றாகவே நகர்ந்ததால் எது முந்தும் எது பிந்தும் என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்யவில்லை, தகட்டின் வளைவும் முனைகளின் தேய்மானமுமே முடிவு செய்தன. போதாக்குறைக்கு, அந்த ரிலேயின் சுருள் 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தில் இயங்கியது. அந்த அழுத்தம் முழுவதும் பின்பலகையிலிருந்த ஆர்சிஏ குழிக்கு வந்து நின்றது. முந்தைய எஸ்பி-200 மாதிரியிலோ அதே குழியில் எதிர்மின் அழுத்தம் நூறு வோல்ட்டைத் தாண்டி இருந்தது. வால்வுக் காலத்து டிரான்ஸ்சீவர்களின் தடித்த ரிலேத் தொடுமுனைகள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் சிறு டிரான்சிஸ்டரைக் கொண்டோ ஊசி போன்ற ரீட் ரிலேயைக் கொண்டோ அந்தக் கம்பியைத் தரையிறக்கிய கருவிகளை இந்தக் குழியில் செருகியவர்கள், முதல் முறை அனுப்பியபோதே அந்த டிரான்சிஸ்டரையோ ரீட் ரிலேயையோ இழந்தார்கள். இரு பெட்டிகளுக்கும் நடுவே நின்று, ஒரு பக்கம் சில வோல்ட்டையும் மறுபக்கம் நூறு வோல்ட்டையும் கையாளும் சிறு இடைச்சுற்றுகளை விற்பதே ஒரு சில்லறைத் தொழிலாயிற்று.

ஒற்றைக் கம்பிகூட இல்லாத ஒரு வழியும் அதே பத்தாண்டில் பெருகியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடையே பரவிய சிட்டிசன்ஸ் பேண்டு ரேடியோவுக்குச் சட்டம் அனுமதித்தது 4 வாட் மட்டுமே. அதைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பெருக்க விற்கப்பட்ட பெட்டிகளில், உள்ளே வரும் அலையையே சிறு டையோடு ஒன்று மோப்பம் பிடித்து ரிலேயை இழுக்கச் செய்தது. பூட்டுவது எளிது, வேறு இணைப்பே வேண்டாம். ஆனால் அலை வந்த பிறகே ரிலே அசையத் தொடங்குவதால் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் நடப்பது சூடான மாற்றமே, விதிவிலக்கே கிடையாது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1978இல் 24 முதல் 35 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்கும் பெருக்கிகளின் விற்பனையைத் தடை செய்தபோது, முறையான ஹாம் பெருக்கிகளும் தங்கள் 10 மீட்டர் பட்டையை இழந்தன. எவருடைய குற்றத்துக்கோ எவரோ அபராதம் கட்டிய கதை அது.

மறுமொழியின் தேவையை இறுதியில் உணர்த்தியவர்கள் மோர்ஸ் இயக்குநர்கள். அவர்களில் பலர் விரும்பிய ‘முழு இடைநிறுத்த’ முறையில், இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள அமைதியிலும் எதிர்முனையைக் கேட்க முடியும்; மறுமுனையில் இருப்பவர் நடுவே புகுந்தால் உடனே நிறுத்திவிடலாம். நிமிடத்துக்கு 25 சொல் என்ற வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 48 மில்லிநொடி, 40 சொல் வேகத்தில் 30 மில்லிநொடி. திறந்த சட்ட ரிலே ஒன்று நகர்ந்து, துள்ளி அடங்க 15 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலே அந்தப் புள்ளியில் பாதியை அது விழுங்கிவிடும். விழுங்காமலிருக்க அலையைத் தாமதப்படுத்தினால், முடிவையும் அதே அளவுக்கு நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி குறுகி ஒலிக்கும். விடுபடும் பக்கத்தில் இன்னொரு கண்ணியும் இருந்தது. சுருளின் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் எதிர் அழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொல்லாமலிருக்கச் சுருளுக்குக் குறுக்கே டையோடு ஒன்றைப் போடுவது பாடநூல் வழக்கம். ஆனால் அந்த டையோடு சுருளின் மின்சாரத்தை மெல்ல மெல்ல வடியவிடுவதால் ரிலே தன் பிடியை விடத் தாமதமாகும். அதோடு ஜீனர் டையோடைச் சேர்த்து வடிதலை விரைவாக்குவதும், இழுக்கும் கணத்தில் மட்டும் சுருளுக்கு இயல்பைவிட உயர்ந்த அழுத்தம் கொடுத்து அதை விரட்டுவதும் அனுபவத்தில் கற்ற கைவினைகள்.

வேகத்துக்கு விடையாக வந்தது வெற்றிட ரிலே. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலிருந்த ஜென்னிங்ஸ் நிறுவனம் விமான, இராணுவத் தேவைகளுக்காகச் செய்த ஆர்ஜே-1ஏ போன்ற ரிலேக்களில் தொடுமுனைகள் காற்றற்ற குழாய்க்குள் அடைபட்டிருந்தன. வெற்றிடத்தில் மிகச் சிறிய இடைவெளியே பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் என்பதால் தகடு நகர வேண்டிய தூரம் குறைந்தது. தூரம் குறையவே நேரமும் ஓசையும் குறைந்தன. விமானங்களின் 28 வோல்ட் மின்னமைப்புக்காகச் செய்யப்பட்டமையால் இவற்றின் சுருள்கள் 26.5 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருந்ததும், உபரிச் சந்தையில் இவற்றை வாங்கிய ஹாம்கள் அதற்கெனத் தனி மின்வழங்கியைக் கட்டியதும் இந்த மரபின் தடயங்கள். ஆயினும் விரைந்து நகரும் இந்த ரிலேயும் அலை பாயும்போது நகர்வதற்காகச் செய்யப்பட்டதன்று. வேகம் கூடியதால் வரிசையின் தேவை நீங்கவில்லை.

வரிசையை உறுதிப்படுத்தும் வழியை டென்னசி மாநிலத்தின் சிவியர்வில் என்ற சிற்றூரில் 1968இல் தொடங்கிய டென்-டெக் நிறுவனம் நடைமுறைப்படுத்தியது. எலெக்ட்ரோ-வாய்ஸ் ஒலிவாங்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல் கானும் ஜாக் பர்ச்ஃபீல்டும் நிறுவிய இக்குழுமத்தின் டிரான்ஸ்சீவர்கள் முழு இடைநிறுத்தத்துக்கே பேர்போனவை. அவற்றின் பின்பலகையில் ஒரு குழிக்குப் பதில் இரண்டு இருந்தன. சாவியை அழுத்தியதும் முதல் குழி பெருக்கிக்கு ஆணையை அனுப்பும். பெருக்கி தன் ரிலேக்களை நகர்த்தி முடித்த பின், இரண்டாவது கம்பியின் வழியே மறுமொழி அனுப்பும். அது வந்து சேரும் வரை டிரான்ஸ்சீவர் ஒரு துளி அலையையும் வெளிவிடாது. பெருக்கி இல்லாத நாட்களில் சிறு இணைப்புக் கம்பியாலோ சுவிட்சாலோ இந்த வளையத்தை மூடிவைக்கலாம். கொலராடோவின் கேன்யன் சிட்டியிலிருந்து ஆல்ஃபா வரிசைப் பெருக்கிகளைச் செய்த ஈடிஓ நிறுவனமும் முழு இடைநிறுத்த மாதிரிகளில் இத்தகைய வளையத்துக்கு இடமளித்தது. செலவென்று பார்த்தால் கூடுதலாக ஒரு குழி, ஒரு கம்பி, ஓரிரு டிரான்சிஸ்டர்கள். அவ்வளவு சிறிய செலவைப் பெரும்பான்மைச் சந்தை ஏற்க மறுத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் காண இயலவில்லை. தங்கள் டிரான்ஸ்சீவர் எந்தப் பழைய பெருக்கியோடும் பேச வேண்டும் என்ற வணிகக் கணக்கே ஜப்பானிய நிறுவனங்களை ஒற்றைக் கம்பியோடு கட்டிப்போட்டது. அவை மறுமொழிக்குப் பதில் சில மில்லிநொடித் தாமதத்தை மென்பொருளில் வைத்து, அதற்குள் ரிலே நகர்ந்திருக்கும் என்று நம்பின.

மறுமொழி என்பதிலும் தரவேறுபாடு உண்டு. சில பெருக்கிகள் ஆணை வந்து குறிப்பிட்ட மில்லிநொடிகள் கழிந்ததும் ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். ரிலே சிக்கிக் கிடந்தாலும் அவை அதையே சொல்லும். துணைத் தொடுமுனையின் வழியே வரும் மறுமொழி அதைவிட மேல், ஏனெனில் தகடு நகர்ந்ததற்கு அது சாட்சி; ஆனால் முதன்மைத் தொடுமுனை பற்றவைத்துக்கொண்டு துணைத் தொடுமுனை மட்டும் நகர்ந்தால் அதுவும் பொய்ச்சாட்சியாகும். தொழிற்சாலைப் பாதுகாப்பு ரிலேக்களில் எல்லா முனைகளையும் விறைப்பாக ஒன்றோடொன்று பிணைப்பது இந்தப் பொய்யைத் தடுக்கத்தான். ஒலிபரப்பு நிலையங்களில் மோட்டாரால் திரும்பும் பெரிய கோஆக்சியல் சுவிட்சுகள், அசையத் தொடங்கும் முன்பே பூட்டுச் சுற்றைத் துண்டித்து அலைபரப்பியை அணைத்து, புதிய இடத்தில் முழுமையாகப் பொருந்திய பின்னரே அச்சுற்றை மீட்டுத் தரும். ரேடியோ அலை செல்லும் அதே தொடுமுனையின் ஊடாகச் சிறு நேர்மின்சாரத்தையும் செலுத்தி, அலையையும் அதையும் சோக் சுருள்களால் பிரித்து, தொடுமுனை உண்மையிலேயே தொட்டதா என்று அளப்பதே எல்லாவற்றிலும் நம்பத்தக்கது.

மிக உயர் அதிர்வெண்களில் பணிபுரிந்தவர்கள் வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தனர். 1980களில் காலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டர்களைக் கொண்ட முன்பெருக்கிகளை ஆண்டெனாக் கம்பத்தின் உச்சியிலேயே கட்டும் வழக்கம், நிலவில் அலையை மோதி எதிரொலிக்கச் செய்து பேசுவோரிடையே பரவியது. அந்த டிரான்சிஸ்டர் மில்லிவாட் கணக்கில் கசிவு வந்தாலே சேதமுறும். கீழே பெருக்கி தருவதோ நூற்றுக்கணக்கான வாட். கம்பத்து ரிலே, பெருக்கியின் ரிலே, சார்பு அழுத்தம், அலை என்று நான்கு படிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, தலைகீழ் ஒழுங்கில் இறக்கும் ‘சீக்வென்சர்’ எனப்படும் வரிசைப்படுத்திச் சுற்று அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. மின்தேக்கி மெல்ல நிறைவதையும் நான்கு ஒப்பீட்டுச் சுற்றுகள் வெவ்வேறு அழுத்தத்தில் விழித்துக்கொள்வதையும் கொண்டே இதை மலிவாகக் கட்டலாம் என்பதால், வீட்டிலேயே செய்யப்பட்டவையே அதிகம்.

ரிலேயையே அகற்றும் முயற்சி ‘பின்’ (PIN) டையோடால் ஓரளவு நிறைவேறியது. மின்சாரம் பாயும்போது மூடிய சுவிட்சாகவும் எதிர் அழுத்தத்தில் திறந்த சுவிட்சாகவும் இயங்கும் இந்த டையோடுகளை ஆல்ஃபா 87ஏ பெருக்கி 1990களில் பயன்படுத்தியது. ஒன்றரைக் கிலோவாட்டைத் தடுத்து நிற்கும் டையோடுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர் அழுத்தம் வேண்டியிருப்பதும், அது தவறினால் டையோடு சத்தமில்லாமல் குறுக்குச்சுற்றாகிவிடுவதும் இதன் விலை. அடுத்து 2010களில் பரவிய எல்டிமாஸ் டிரான்சிஸ்டர்கள், 50 வோல்ட்டில் ஒரே பொதியில் ஆயிரம் வாட்டுக்கு மேல் தரக்கூடியவை, சிக்கலைத் திரும்பவும் கூர்மையாக்கின. வால்வு ஒரு கணம் சுமையின்றி இயங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பொறுமை குறைவு. எனவே இப்போதைய பெருக்கிகளுக்குள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி, உள்ளீட்டில் அலை இருக்கிறதா, ரிலே அல்லது டையோடு எந்த நிலையில் இருக்கிறது, ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பவற்றை இடைவிடாது கண்காணிக்கிறது. ரிலே நகருமுன்பே அலை வந்துவிட்டதென்று கண்டால் அது மாற்றத்தையே மறுத்து, திரையில் பிழைக் குறியொன்றைக் காட்டும். வளையம் முழுமையாகப் பெட்டிக்குள்ளேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் பல நிலையங்களில் டிரான்ஸ்சீவருக்கும் பெருக்கிக்கும் நடுவே ஓடுவது இன்னும் அதே ஆர்சிஏ செருகியும் ஒற்றைக் கம்பியுமே. பிழைக் குறியைப் படிக்கும் மனிதர்தான் டிரான்ஸ்சீவரின் பட்டியலைத் திறந்து தாமதத்தை இன்னும் ஐந்து மில்லிநொடி கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.